பட்டினிக் குழாய்

புளியங்கொட்டை ஒன்றை இடது கிண்ணத்திலிருந்து எடுத்து வலது கிண்ணத்தில் போடுகிறார் சென்னியம்மாள். போட்ட கையோடு முதல் தொட்டியில் மிதக்கும் தெர்மாகோல் துண்டைத் தூக்கி இரண்டாவது தொட்டியில் விடுகிறார். துண்டில் குத்திய ஓட்டைகளில் சுண்டுவிரல் நுனியளவுக்குச் சின்னச் சின்ன பிளாஸ்டிக் குழாய்கள் செருகியிருக்கின்றன. இரண்டாவது தொட்டியில் கொஞ்ச நேரம், மூன்றாவதில் கொஞ்ச நேரம், மறுபடி முதல் தொட்டி. ஒரு சுற்று முடிந்தால் இன்னொரு கொட்டை இடம் மாறும். இடது கிண்ணம் காலியாகிற வரைக்கும் அவர் யாரோடும் பேசமாட்டார். பேசினால் கணக்குத் தப்பும். தப்பினால் பெங்களூரிலிருந்து பிளாஸ்கில் ஐஸ் போட்டு பஸ்ஸில் வந்த என்சைம் அத்தனையும் வீண்.

குழாய்க்குள் இருக்கிற துளி டி.என்.ஏ.வைச் சூடு மாற்றி மாற்றிப் பெருக்குகிற இந்தக் காரியத்துக்கென்றே ஒரு பெட்டி உண்டாம். குழாய்களை உள்ளே வைத்துப் பொத்தானை அமுக்கிவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விடலாம். கோயம்புத்தூரில் சரவணம்பட்டிச் சாலையில் இருக்கும் இந்தப் பெண்கள் கல்லூரியின் விலங்கியல் துறையில் அந்தப் பெட்டி கிடையாது. அதற்குப் பதிலாக இருப்பவை மூன்று வெட் கிரைண்டர் டிரம்கள். சென்னியம்மாளின் வீட்டுக்காரர் லட்சுமணசாமி கணபதியில் கிரைண்டர் பட்டறை வைத்திருக்கிறார். கல்லைக் கழற்றி எறிந்துவிட்டு, அடியில் ஹீட்டர் காயிலும் பக்கத்தில் தெர்மோஸ்டாட்டும் பொருத்திக் கொடுத்தது அவர்தான். எங்கள் வீட்டுக் கிரைண்டரைப் பழுது பார்க்கக் கொண்டுபோன அன்று இந்த டிரம்கள் அங்கே வரிசையாக நின்றன. இது என்ன என்று கேட்டேன்.

“மாவாட்டறதுக்குன்னு செஞ்சதுங்க. எங்கூட்டு அம்மணி இதுல மனுசனையே ஆட்டி எடுத்துப்போடறாங்க,” என்றார் லட்சுமணசாமி. அவர் முகத்தில் பெருமையும் பயமும் சரிபாதி இருந்தன. அப்படித்தான் எனக்கு இந்த அம்மாளின் அறிமுகம்.

வயது நாற்பதை ஒட்டி இருக்கும். உடுமலைப்பேட்டைப் பக்கத்து ஊர்க்காரர். நூல் புடவை, அதன்மேல் ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்த கோட்டு. கண்ணாடியில் எழுதுகிற பேனாவைக் கொண்டையில் குத்தி வைத்துக்கொண்டு, அதையே அறை முழுவதும் தேடுவார். மாணவிகள் சொல்லமாட்டார்கள். அவராகக் கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிடுவார்கள். அது அவர்களுக்கு ஒரு பொழுதுபோக்கு.

மாணவிகளை “கண்ணு”, “அம்மணி” என்று ஒருமையில் அழைப்பவர், கருவிகளிடம் மட்டும் மரியாதை தவறமாட்டார். சுழன்றுகொண்டிருக்கும் சென்ட்ரிபியூஜைப் பார்த்து, “சித்த நில்லுங்க சாமி, போதும்,” என்பார். பவர் சப்ளையில் சிவப்பு விளக்கு எரியாவிட்டால், “ஏனுங்க, இன்னைக்கு என்னாச்சுங்க?” என்று தட்டிக்கொடுப்பார். விளக்கும் எரிந்துவிடும். லூசாக இருக்கும் ஒயர்தான் காரணம் என்று எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும்.

எம்.எஸ்ஸி. முதலாண்டு மாணவிகளுக்கு அவர் சொல்லிக்கொடுப்பது, எச்சிலையும் முடியையும் வைத்து ஆளை அடையாளம் காண்கிற வித்தை. பத்திரிகைகள் அப்போதுதான் டி.என்.ஏ. என்று எழுதக் கற்றுக்கொண்டிருந்த நேரம். ஹைதராபாத்தில் ஒரு கோடை விடுமுறையில் பயிற்சிக்குப் போனவர், திரும்பி வந்ததிலிருந்து புத்தகத்தை மூடிவிட்டார். கையில் செய்யாதது மண்டையில் நிற்காது என்பது அவர் கட்சி. வருடா வருடம் தன் ஆய்வகத்திலேயே ஒரு திருட்டை அவரே ஏற்பாடு செய்வார். ஸ்டேப்ளர் காணாமல் போகும். பக்கத்தில் தடயம் ஒன்று கிடக்கும். வகுப்பே உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளித்துக் கப்பில் துப்பி, அதைக் கொதிக்கவைத்து, ரசத்தெளிவு இறுப்பதுபோல மேலாக இறுத்து, திருடியைக் கண்டுபிடிக்க வேண்டும்.

முதல் வருடம் அவர் தடயமாக வைத்தது எவர்சில்வர் டம்ளர். திருடியாக நியமிக்கப்பட்ட பெண் அதில் தண்ணீர் குடித்துவிட்டு வைத்தாள். மூன்று நாள் பாடுபட்டும் டம்ளரிலிருந்து ஒன்றும் வரவில்லை. விசாரித்ததில் தெரிந்தது, அந்தப் பெண் அண்ணாந்து குடித்திருக்கிறாள். உதடு படவேயில்லை. பெற்றவர்கள் வளர்த்த வளர்ப்பு அப்படி. “நம்மூர்ல கள்ளனப் புடிக்கோணும்னா மொதல்ல வாய் வெச்சுக் குடிக்கப் பழக்கோணும்போல,” என்று தலையில் அடித்துக்கொண்டாராம். அடுத்த வருடத்திலிருந்து கடித்த கொய்யாக்காய்.

கடைசியில் பார்க்கக் கிடைப்பது இவ்வளவுதான்: ஒரு கண்ணாடித் தட்டில் கூழ் மாதிரி உறைந்த ஜெல், அதில் நீலச் சாயம் பூசிய கோடுகள். ஜெல்லை ஊற்றுவது எப்போதும் கோட்டைமேட்டு மாணவி ரிஃபத்தின் வேலை. நோன்பு மாதத்தில் வீட்டில் கடல்பாசி காய்ச்சிக் காய்ச்சி அவளுக்குக் கை பழகியிருக்கிறது, குமிழே வராது. ஜெல்லின் மேல்விளிம்பில் வரிசையாகக் குழிகள். குழிக்கு ஒரு ஆள். மின்சாரம் பாய்ச்சினால் ஒவ்வொரு குழியிலிருந்தும் கோடுகள் கீழே இறங்கிவந்து அவரவர் இடத்தில் நின்றுவிடும். “அப்பங்கிட்ட இருந்து ஒரு கோடு, ஆத்தாகிட்ட இருந்து ஒரு கோடு. அது நிக்கற எடம் ஆளுக்கு ஆள் மாறும், அவ்வளவுதான் கண்ணு,” என்று பாடத்தை முடித்துவிடுவார்.

அப்பன் ஆத்தாள் என்று வாய் சொன்னாலும், வீட்டு ஆட்களின் எச்சிலை எவளும் கொண்டுவரக் கூடாது என்பது சட்டம். ஆர்வக்கோளாறில் ஒருத்தி அப்பாவின் சீப்பைக் கொண்டுவந்தபோது, அதை வாங்கிக் குப்பையில் போட்டுவிட்டு அவளுக்குப் புதுச்சீப்பு வாங்கிக் கொடுத்தார். காரணம் சொல்லவில்லை. கேட்டவர்களுக்குக் கண்ணாலேயே பதில்.

இன்னொரு சட்டமும் உண்டு. எத்தனை குழாய் ஓட்டினாலும் ஒன்றில் எச்சிலும் இருக்காது, ரத்தமும் இருக்காது. மற்ற குழாய்களில் ஊற்றிய அதே மருந்து, அதே என்சைம், அதே பாட்டில் தண்ணீர். ஆள் மட்டும் கிடையாது. மாணவிகள் வைத்த பெயர் பட்டினிக் குழாய். என்சைம் விற்கிற விலைக்கு இது தண்டம் என்று துறையில் மற்றவர்கள் முணுமுணுப்பார்கள். நானும் ஒருநாள் கேட்டேன், ஒன்றுமில்லாததை எதற்கு ஓட்டிப் பார்க்கிறீர்கள் என்று.

“பட்டினி கெடக்கறேன்னு சொன்னவ வாயில சோத்துப் பருக்கை ஒட்டியிருந்தா என்னங்க அர்த்தம்? ஊட்டுக்குள்ள ஆரோ ஊட்டியிருக்காங்கன்னு அர்த்தம். இதுல கோடு தெரிஞ்சா மத்த எதையும் நம்பக்கூடாதுங்க. அத்தனையும் வழிச்சுக் கொட்டிப்போட்டு மொதல்ல இருந்து ஆரம்பிக்கோணும்.”

தொண்ணூற்றைந்தாம் வருடம் ஆயுத பூஜை விடுமுறையில் நிஜமாகவே ஒரு திருட்டு நடந்தது. பணமில்லை, நகையில்லை. உள்தேர்வுக்கு அச்சடித்து வைத்திருந்த கேள்வித்தாள் கட்டு, துறை அலமாரியிலிருந்து காணாமல் போய்விட்டது. அலமாரிக் கதவின் உட்பக்கத்தில் மென்று துப்பிய பபிள்கம் ஒட்டியிருந்தது. விடுமுறைக்கு ஊருக்குப் போகாமல் விடுதியில் தங்கியவர்கள் ஐந்து பேர்.

கல்லூரிச் செயலாளர் வெங்கடபதி நூல் மில் நடத்துகிறவர். கெட்ட மனிதர் அல்ல. எதையும் சட்டென்று முடித்து, முடித்ததைப் பத்துப் பேருக்குச் சொல்லிவிட வேண்டும் அவருக்கு. நம்ம காலேஜிலேயே ஆளைக் கண்டுபிடிக்கிற வித்தை இருக்கும்போது போலீசு எதற்கு என்றார். கண்டுபிடித்துக் கொடுத்தால் அந்த வெளிநாட்டுப் பெட்டியை வாங்கித் தருவதாகச் சென்னியம்மாளுக்கு வாக்குக் கொடுத்தார். ‘துப்புத் துலக்கிய கல்லூரி’ என்று எழுதப் பத்திரிகைக்கு எழுதுகிற எனக்கும் ஆள் அனுப்பினார். தலைப்பை அவரே வைத்துவிட்டதில் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். இருந்தாலும் போனேன்.

சென்னியம்மாள் முதலில் மாட்டேன் என்றாராம். பாடத்துக்குச் செய்வது வேறு, ஒரு பெண்ணின் படிப்பில் கை வைப்பது வேறு என்றாராம். இரண்டு கோடு ஒத்துப்போனால் ஆள் அவளே என்று ஆகிவிடாது, அதே இரண்டு கோட்டோடு அவிநாசி ரோட்டில் எத்தனையோ பேர் போய்க்கொண்டிருப்பார்கள், ஒத்துப்போகாதவர்களைக் கழித்துவிடத்தான் இது உதவும் என்றும் சொல்லிப் பார்த்தார். கழித்துக் கொடுத்தால் போதும் என்றார் செயலாளர். சென்னியம்மாள் சரி என்றுவிட்டார். தன் ஆய்வக அலமாரிக் கதவில் அந்தப் பெட்டியின் படத்தை அவர் ஒட்டிவைத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஆசை யாரை விட்டது?

ஐந்து பேரில் ஒருத்தி அவர் வகுப்பிலேயே இருந்தாள். சண்முகப்பிரியா. உடுமலைக்குத் தெற்கே ஒரு சிற்றூர், அப்பாவுக்குத் தோப்புகளில் தேங்காய் போடுகிற வேலை. விடுமுறைக்கு ஊருக்குப் போனால் அத்தை மகனோடு நிச்சயதார்த்தப் பேச்சு தொடங்கிவிடும் என்பதால்தான் விடுதியிலேயே இருந்துகொண்டாள். டிசியைக் கையில் கொடுத்து அனுப்பினால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒறம்பரை சனத்துக்கெல்லாம் கல்யாண அழைப்பிதழே அடித்துவிடுவார்கள்.

சோதனை முடிகிறவரை சண்முகப்பிரியா ஆய்வகத்துக்குள் வரக்கூடாது என்று சென்னியம்மாள் சொல்லிவிட்டார். வராந்தாவிலேயே வாய் கொப்பளித்துக் கப்பைக் கொடுத்துவிட்டு அவள் அங்கேயே நின்றாள். பபிள்கத்தைப் பாதியாக வெட்டி, ஒரு பாதியை ஐஸில் பத்திரப்படுத்தினார்கள். மறுபாதி குழாய்க்குள் போனது. வழக்கம்போலக் கடைசிக் குழாய் பட்டினி. புளியங்கொட்டைகள் இடம் மாறின. ரிஃபத் ஜெல் ஊற்றினாள். சாயம் ஏறியதும் தட்டை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தார்கள். செயலாளரும் நானும் பின்னால் நின்று எட்டிப் பார்த்தோம்.

எனக்கே தெளிவாகத் தெரிந்தது. நான்கு பெண்களின் கோடுகள் நான்கு விதமாக இருந்தன. ஐந்தாவது சண்முகப்பிரியா. அவளுடைய இரண்டு கோடுகளும் எங்கே நின்றனவோ, பபிள்கத்தின் இரண்டு கோடுகளும் அதே நேரில் நின்றன. செயலாளர் என் பக்கம் திரும்பி, எழுதிக்கொள்ளுங்கள் என்பதுபோலத் தலையை ஆட்டினார்.

“ஒத்துப்போச்சுங்களா இல்லீங்களா?” என்றார்.

“ஒத்துப்போச்சுங்க.”

“அப்புறம் என்னங்க, நாளைக்கு டிசி அடிச்சர்லாம்.”

சென்னியம்மாள் தட்டைக் கீழே வைக்கவில்லை. “கடைசிக் குழிய ஒருக்காப் பாத்துப்போடுங்க,” என்றார். குனிந்து பார்த்தோம். மங்கலாகத்தான் இருந்தன, ஆனாலும் இருந்தன. இரண்டு கோடுகள், அதே நேரில்.

“இது ஆருதுங்க?”

“இது தண்ணீங்க.”

“தண்ணிக்கு ஏதுங்க கோடு?”

“அதைத்தானுங்க நானும் கேக்கறேன். பபிள்கத்துல என்ன இருக்குதோ அதேதான் தண்ணியிலயும் இருக்குது. அந்தப் புள்ள திருடியிருந்தா தண்ணியும் கூடப்போய்த் திருடியிருக்கோணும். டிசி அடிக்கறதா இருந்தா ரெண்டு பேருக்கும் சேர்த்து அடிச்சுப்போடுங்க.”

செயலாளருக்குச் சிரிப்பு வரவில்லை. மங்கலாக இருப்பதை எதற்குக் கணக்கில் எடுக்கிறீர்கள், பளிச்சென்று இருப்பதைப் பாருங்கள் என்றார். வாதம் கொஞ்ச நேரம் நடந்தது. கடைசியில் குரலைத் தணித்துக்கொண்டு, “ஏனுங்க அம்மணி, உங்களுக்கு அந்த மெசினு வேணுமா வேண்டாமா?” என்றார்.

“வேணுமுங்க,” என்றார் சென்னியம்மாள். அதில் பொய்யில்லை. பிறகு தட்டைத் துணியால் மூடி வைத்துவிட்டு, நாளைச் சாயந்திரம் வரைக்கும் டைப் அடிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். செயலாளர் அரைமனதாகச் சம்மதித்துப் போனார். வராந்தாவில் நின்ற சண்முகப்பிரியாவை அவர் பார்த்த பார்வையில் டிசி ஏற்கெனவே அடித்தாகிவிட்டது.

மறுநாள் வகுப்பின் பாடம் மாறிவிட்டது. தடயம் பபிள்கம் அல்ல; தண்ணீர்தான் இப்போது குற்றவாளி. உள்ளேயே வராத ஒருத்தியின் கோடு பட்டினிக் குழாய்க்குள் எப்படிப் போனது? தரையைத் துடைத்தார்கள். பிப்பெட்டுகளைக் கழற்றிப் பார்த்தார்கள். பெருக்கும்போது ஏதாவது சிந்தினீரா என்று அட்டெண்டர் ஐயாசாமியைக் கேட்டுக் கோபப்படுத்தினார்கள். பாவம், அவர் விடுமுறை முடிந்து அன்றைக்குத்தான் வேலைக்கு வந்திருந்தார்.

தண்ணீர் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தவள் ரிஃபத். “மேடம், இந்த மூடியப் பாருங்க. பொட்டுல பாதியக் காணோம்,” என்றாள்.

மூடியின் உச்சியில் சந்தனப் பொட்டு. காய்ந்து வெடித்து, ஒரு பக்கம் உதிர்ந்திருந்தது. உதிர்ந்த பக்கம் மூடியின் விளிம்பை ஒட்டியிருந்தது. திறந்து மூடும்போதெல்லாம் பொடி எங்கே விழுந்திருக்கும் என்று யோசிக்க எம்.எஸ்ஸி. படிக்க வேண்டியதில்லை.

கோயம்புத்தூரில் ஆயுத பூஜை என்றால் ஓடுகிற எதையும் விடமாட்டார்கள். லேத்து, மோட்டார், டவுன் பஸ்ஸின் ஸ்டீயரிங், பட்டறையில் கிடக்கும் ஸ்பேனர் வரைக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தாக வேண்டும். ஆய்வகம் மட்டும் விதிவிலக்கா? விடுமுறைக்கு முந்தின நாள் மேசைமேல் எல்லாவற்றையும் துடைத்து அடுக்கியிருந்தார்கள். வழக்கமாகச் சந்தனம் குழைக்கிற ஐயாசாமி லீவு. சென்னியம்மாள்தான் வகுப்பைப் பார்த்து, “பிரியா, நீ கொழை கண்ணு. ஒண்ணையும் விட்றாத, அப்புறம் அதுங்க கோவிச்சுக்கும்,” என்று சொல்லியிருக்கிறார். சண்முகப்பிரியா சந்தனப் பொடியை உள்ளங்கையில் கொட்டித் தண்ணீர் விட்டுக் குழைத்து, விரலால் தொட்டுத் தொட்டு ஒன்று விடாமல் பொட்டு வைத்திருக்கிறாள். அந்தப் பாட்டிலைச் சாமி முன்னால் கொண்டுபோய் வைத்ததே சென்னியம்மாள்தான்.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். “நானே சொல்லிச் செய்யவெச்சனே,” என்று ஒரே ஒருதரம் சொன்னார். அப்புறம் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டார்.

மிச்சமிருந்த என்சைம் ஐந்தாறு குழாய்களுக்குத்தான் காணும். மூடியிலிருந்து சுரண்டிய சந்தனம் ஒரு குழாயில். பழைய பாட்டில் தண்ணீர் ஒன்றில். புதுப் பாட்டிலைத் திறந்து, அந்தத் தண்ணீரோடு எடுத்துவைத்த பபிள்கப் பாதி ஒன்றில், சண்முகப்பிரியா ஒன்றில், யாருமில்லாமல் பட்டினியாக ஒன்று. மறுபடி கொட்டைகள், மறுபடி ஜெல். சந்தனத்தில் சண்முகப்பிரியாவின் இரண்டு கோடும் வந்தன. பழைய தண்ணீரிலும் வந்தன. புதுத் தண்ணீர் ஓடிய பட்டினிக் குழி சுத்தமாக இருந்தது. பபிள்கம் ஓடிய குழியும் அப்படியே காலி. அலமாரிக் கதவில் நாள்கணக்காகக் காய்ந்து கிடந்த அதில் யாருடைய கோடும் மிச்சமில்லை. முதல் நாள் அதை ஊறவைத்தது பழைய தண்ணீரில், அதனால் பளிச்சென்று வந்தது; மற்ற பெண்களின் குழாய்களில் அவரவர் எச்சில் தூக்கலாக இருந்ததால் தண்ணீரின் கோடு அமுங்கிவிட்டது.

வெளியே தூறிக்கொண்டிருந்தது. ஜெல்லைக் கண்ணாடித் தட்டோடு இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு சென்னியம்மாள் மைதானத்தின் குறுக்கே செயலாளர் அறைக்கு நடந்தார். ஐயாசாமி குடை பிடித்தார். குடை ஜெல்லுக்குத்தான், அம்மாள் நனைந்துகொண்டே போனார். நானும் நனைந்தேன். என்னை யார் கவனித்தார்கள்?

வெங்கடபதி வெகுநேரம் பார்த்தார். “சந்தனத்துக்குக் கோடு இருக்குதுங்களா?” என்றார்.

“கொழச்ச கைக்கு இருக்குதுங்க. கொழைக்கச் சொன்னது நானுங்க.”

“அப்ப அந்தப் புள்ள எடுக்கலீங்கறீங்க?”

“எடுக்கலைன்னு நான் சொல்லலீங்க. எடுத்தாள்னு இது சொல்லலீங்க. அவ்வளவுதானுங்க எனக்குத் தெரிஞ்சது.”

டிசி அடிக்கவில்லை. வேறு கேள்வித்தாள் தயாரித்துத் தேர்வை நடத்தினார்கள். எடுத்தது யார் என்று இன்றுவரைக்கும் தெரியாது. வெளிநாட்டுப் பெட்டியைப் பற்றிச் செயலாளர் அப்புறம் பேசவில்லை. அந்த வருடம் வணிகவியல் துறைக்குக் கம்ப்யூட்டர் வந்தது. என் கட்டுரையும் கேட்பாரற்றுப் போனது.

நான் மறக்காதது அதற்கப்புறம் வராந்தாவில் நடந்தது. நனைந்த புடவையோடு திரும்பி வந்த சென்னியம்மாளைச் சண்முகப்பிரியா மறித்து நின்றாள். டிசி இல்லை என்று ஐயாசாமி ஓடிவந்து முன்பே சொல்லியிருந்தார். அவளுக்கு அது போதவில்லை.

“மேடம், நான் எடுக்கலைன்னு நீங்க நம்பறீங்களா?”

“நம்பறதுக்குக் கோயில் இருக்குது கண்ணு. இது லேப்பு.”

எனக்குச் சுருக்கென்றது. நியாயமான பதில்தான், மறுக்கவில்லை. அந்த இடத்தில் ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்த அம்மாளின் விஞ்ஞானம் என்ன குடியா முழுகிப்போயிருக்கும்? அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு நகர்ந்து வழிவிட்டாள். அன்றிலிருந்து முன்வரிசையை விட்டுக் கடைசி மேசைக்குப் போய்விட்டாள். கேட்டதற்கு “எஸ் மேடம்”, “நோ மேடம்”. பேனா கொண்டையில் இருக்கிறது என்று சிரிக்கிற கூட்டத்திலும் அவள் இல்லை. ஊருக்கும் போகவில்லை, படிப்பையும் விடவில்லை, முதலாண்டில் நல்ல மார்க்.

சென்னியம்மாள் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. லட்சுமணசாமி மட்டும் ஒருநாள் பட்டறையில் சொன்னார், இலையில் சோற்றைப் பிசைந்துகொண்டே அப்படியே உட்கார்ந்துவிடுகிறார் என்றும், கேட்டால் உப்புக் கொஞ்சம் தூக்கல் என்கிறார் என்றும். உப்பு சரியாகத்தான் இருந்ததாம்.

அடுத்த வருட ஆயுத பூஜைக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். பொரிகடலை கிடைக்கும் என்று போனேன். மேசைமேல் துடைத்து வைத்த டிரம்கள், சென்ட்ரிபியூஜ், பவர் சப்ளை, பிப்பெட்டுகள், புளியங்கொட்டைக் கிண்ணங்கள்கூட இருந்தன. வரிசையின் கடைசியில் புதுத் தண்ணீர் பாட்டில் ஒன்று. பழக்கதோஷத்தில் ஐயாசாமி கொண்டுவந்து வைத்திருக்கிறார். அவர் இந்த முறை லீவு போடவில்லை. சந்தனப் பொடியை எடுத்துக்கொண்டு தயாராக நின்றார்.

சென்னியம்மாள் பொடியை அவரிடமிருந்து வாங்கினார். நேரே கடைசி மேசைக்குப் போனார்.

“கொழை கண்ணு,” என்றார்.

சண்முகப்பிரியா உடனே கையை நீட்டவில்லை. சுற்றிலும் பார்த்தாள். ரிஃபத் தண்ணீர் செம்பைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். அப்புறம்தான் சண்முகப்பிரியா உள்ளங்கையைக் குவித்தாள். குழைத்தாள். நிமிராமலே மேசையை வலம் வந்து டிரம் டிரம்மாக, பிப்பெட் பிப்பெட்டாகப் பொட்டு வைத்துக்கொண்டே வந்தாள். பவர் சப்ளைக்கு வைத்தாள். கிண்ணங்களுக்கு வைத்தாள். தண்ணீர் பாட்டிலுக்கு வந்ததும் விரல் அந்தரத்தில் நின்றுவிட்டது. பொரியை மென்றுகொண்டிருந்த நானும் மெல்லுவதை நிறுத்தினேன்.

சென்னியம்மாள் பாட்டிலை எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினார். விரல் இன்னும் அங்கேயே இருந்தது, நுனியில் ஈரச் சந்தனத்தோடு. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, அந்த விரலுக்கு நேராகக் குனிந்து நெற்றியைக் காட்டினார்.